உறைபனியும் பழத்தோட்டமும்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பழத்தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு மார்கழியும் தையும் கவலை மிகுந்த மாதங்களாகும். ஓராண்டு உழைப்பின் பலன் ஒரே இரவு உறைபனியில் கருகிவிடக் கூடும். பூ கருகினால் காய் இல்லை. காய் இல்லையேல் சங்கத்தில் பெற்ற கடனுக்குத் தவணை செலுத்தும் வழியும் இல்லை. ஆதலின் இவ்விஷயம் சங்கங்கள் அனைத்தும் கூடிச் சிந்திக்கத் தக்கதாகும்.

உறைபனி எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் வான்நோக்கி வெளியேறுகிறது. மேகம் இருப்பின் அதில் ஒரு பகுதி தடுக்கப்பட்டு நிலத்திற்கே திரும்புகிறது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, உடலின் சூட்டைக் காக்கிறது என்பதை நெசவாளர் அங்கத்தினர்கள் நன்கறிவர், மேகமும் அத்தன்மையதே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், வானம் தெளிந்து, காற்று அசையாது, ஈரப்பசையும் குறைந்திருக்கும் இரவுகளில் இந்தப் போர்வை நீங்கிவிடுகிறது. நிலமும் அதையொட்டிய காற்றும் விரைவில் குளிர்ந்து உறைநிலைக்கு இறங்குகின்றன.

எல்லாக் குளிரும் தீமையன்று. பீச், பிளம்ஸ், பேரி மரங்கள் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் அவற்றிற்குக் குளிர் அவசியம். அக்குளிர் போதாவிடில் மொட்டுகள் ஒழுங்காக விரியமாட்டா. உறங்கும் மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். ஆனால் மலர்ந்த பூ, உஷ்ணம் சுழியத்திற்குக் கீழே சுமார் 2 அல்லது 3 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினாலே சேதமடையத் தொடங்குகிறது. பிஞ்சு இன்னும் மெலிது. எலுமிச்சை, வெண்ணெய்ப்பழம் போன்ற பசுமை மாறா மரங்களின் இளங்கன்றுகளுக்கோ குளிர்காலம் முழுவதும் ஆபத்துண்டு.

குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே மலைச்சரிவில் மேல்தோட்டம் பிழைத்திருக்க, ஓடைக்கரைத் தோட்டம் கருகிக் கிடப்பதன் காரணம் இதுவே. சரிவின் அடியில் அடர்ந்த உயிர்வேலியோ கற்சுவரோ இருப்பின் அது அணைபோல் நின்று குளிரைத் தேக்குகிறது. அவ்வேலியின் அடிப்பாகத்தைக் கழித்து வழிவிட்டால் குளிர் வடிந்துவிடும். ஆனால் அவ்வாறு வடியும் குளிர் அடுத்தவர் நிலத்தில் சென்று தேங்கலாகாது. வாய்க்கால் நீரைப் பங்கிட ஊரார் கூடுவதுபோல், எந்த வேலியைத் திறப்பது, குளிரை எவ்வழியே ஓடைக்கு இறக்குவது என்பதையும் சரிவிலுள்ளோர் அனைவரும் கூடியே முடிவு செய்தல் வேண்டும். புதிதாக நடுவோர் பள்ளத்தைத் தவிர்த்து நடுச்சரிவைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு.

அடுத்தது நிலத்தைப் பேணுதல். களையின்றி, இறுகி, ஈரமாக இருக்கும் மண் பகல் வெப்பத்தை மிகுதியாக வாங்கி இரவில் மெல்ல விடுகிறது. புல் மண்டிய தரையும் புதிதாகக் கொத்திய மண்ணும் அவ்வளவு வெப்பத்தைச் சேமிப்பதில்லை. ஆகவே பூக்கும் பருவத்திற்கு முன் புல்லை அறுத்து, காய்ந்த மண்ணுக்கு ஓரிரு நாள் முன்னதாகவே நீர் பாய்ச்சுதல் நன்று. கோடைக்கு நன்மை தரும் மூடாக்கையும் இப்பருவத்தில் சற்று ஒதுக்கி வைக்கலாம்.

இளங்கன்றுகளுக்கு நான்கு குச்சி நட்டு, சாக்கினாலோ காய்ந்த புல்லினாலோ மூடலாம். மூடி தரைவரை தொங்கினால்தான் மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளே தங்கும். இலையில் படாமலும், காலையில் வெயில் ஏறியதும் திறந்துவிடத் தக்கதாகவும் அது அமைதல் வேண்டும்.

தெளிப்பு நீரும் மரத்தைக் காக்கும். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பமே பூவைக் காக்கிறது. ஆனால் அதே நீர் ஆவியாகும்போது அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. எனவே இடையில் நிறுத்தினால் சேதம் முன்னிலும் மிகுதியாகும். தொடங்கினால் காலையில் பனிக்கட்டி உருகும்வரை விடாது தெளித்தல் வேண்டும். அத்தனை மணி நேரத்திற்கு நீர் இல்லாதவர் இம்முறையில் இறங்காதிருப்பதே நலம்.

சருகை எரித்துப் புகை மூட்டினால் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1913 ஜனவரியில் தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்கள் உறைபனியால் பெருஞ்சேதமுற்றன. அதன்பின் அங்கே எண்ணெய் அடுப்புகள் பெருகின. புகையால் பயனில்லை, அடுப்பின் சூடே காக்கிறது என்பது அனுபவத்தில் தெளிவாயிற்று. புகை கண்ணை எரிப்பதோடு, காய்ந்த புல்வெளிக்கும் காட்டிற்கும் தீ பரவும் அபாயத்தையும் தருகிறது.

சேதம் நேர்ந்துவிட்டால் கருகிய கிளைகளை உடனே கவாத்து செய்யலாகாது. புதுத்தளிர் வந்தபின்தான் எது உயிருள்ளது, எது பட்டது என்பது தெரியும். பலர் அவசரப்பட்டு உயிருள்ள கிளையையும் வெட்டிவிடுகின்றனர்.

சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, சரிவின் மேலும் நடுவிலும் அடியிலும் ஒவ்வோர் உஷ்ணமானி வைத்துத் தினமும் குறித்து வருதல். இரண்டு மூன்று குளிர்காலக் குறிப்புகள் சேர்ந்தால் எந்த நிலத்தில் எம்மரம் நடலாம் என்பது விளங்கும். இரண்டாவது, சாக்கும் குச்சியும் மொத்தமாக வாங்கி வைத்தல். மூன்றாவது, வானிலை அறிக்கையைக் கவனித்து, தெளிந்த இரவு வரும் அறிகுறி கண்டதும் அங்கத்தினர்களுக்கு மாலைக்குள் செய்தி சொல்ல ஒருவரை நியமித்தல். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. ஐப்பசி மாதப் பொதுக்கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானித்துவிட்டால், தைமாதப் பூக்கள் பங்குனியில் காயாக நிற்பதை நாம் காணலாம்.