ஐஸ் கட்டியை விடுங்க, பழத்தையே உறைய வைங்க: வெயிலுக்கு வீட்டிலேயே ‘ஸ்லஷ்’ செய்வது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. ஆத்தூரில் மதியம் 12 மணிக்கு மேல் கடைவீதியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ஜூஸ் கடை வாசலில் மட்டும் கூட்டம் குறையாது. ஒரு கிளாஸ் குடித்தால் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதுதான் எல்லோருடைய கணக்கும்.

அந்த கிளாஸில் பழம் நம் கண் முன்னாலேயே வெட்டப்படுகிறது. சர்க்கரை எவ்வளவு என்று நாமே சொல்லலாம். ஆனால் ஐஸ்? அது எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்தச் சாக்கில் சுற்றப்பட்டு, எந்த வண்டியில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஸ்லஷ் செய்யக் கற்றுக்கொள்வதற்கு ருசியைவிட இதுதான் முதல் காரணம்.

ஐஸில் என்ன பிரச்சினை?

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாகாது. பெரும்பாலான கிருமிகள் குளிரில் அப்படியே முடங்கிக் கிடக்கும். ஐஸ் உருகியதும் மறுபடி எழுந்து வரும். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு என்று தண்ணீரில் பரவும் எல்லாமே ஐஸிலும் பரவக்கூடியவைதான்.

சாப்பிடும் ஐஸ் குடிநீரில்தான் தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால், மீனைக் கெடாமல் வைக்கவும், வேறு தொழில்களுக்கும் தயாராகும் ஐஸ் பார்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2018-ல் மகாராஷ்டிர அரசின் உணவு, மருந்து நிர்வாகத் துறை ஒரு எளிய வழியைப் பிடித்தது: சாப்பிடக் கூடாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் பொடித்துப் போட்ட ஐஸை ஜூஸுக்குள் தேடிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் ஒரு காலத்தில் ஐஸ் என்பது பணக்காரர்களின் பொருள். சென்னை மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், 1842-ல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரியின் ஐஸைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கடல் கடந்து கப்பலில் கொண்டு வந்தார்கள். அந்த ஐஸின் பூர்வீகமாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது!

ஐஸ் போடாமல் எப்படி?

பழத்தையே ஐஸாக மாற்றிவிடுவதுதான் வழி. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100 கிராம் தர்பூசணியில் 91 கிராமுக்கு மேல் தண்ணீர். மாம்பழத்தில் சுமார் 83 கிராம். அந்தத் தண்ணீரை உறைய வைத்து அரைத்தால் வெளியிலிருந்து ஐஸே தேவையில்லை. கடைசியில் உருகித் தண்ணியாகவும் போகாது, ஏனென்றால் உருகுவதும் பழச்சாறுதான்.

ஆனால், “ஜூஸை டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன், கல்லு மாதிரி ஆயிடுச்சு” என்ற புலம்பல் எல்லா வீட்டிலும் உண்டு. காரணம் சர்க்கரை. வெறும் தண்ணீர் 0 டிகிரியில் முழுசாகக் கல்லாகிவிடும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அவ்வளவு சுலபமாக உறையாது; கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து, நடுவில் பாகு போல ஒரு பகுதி மிச்சமிருக்கும். அந்தப் பாகுதான் ஐஸ் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடாமல் பிரித்து வைக்கிறது. 100 கிராமில் சுமார் 14 கிராம் சர்க்கரை உள்ள மாம்பழம் அரைத்ததும் வெண்ணெய் மாதிரி வரும். 6 கிராம் மட்டுமே உள்ள தர்பூசணி கரகரவென்று நிற்கும். இது தெரிந்தால் எந்தப் பழத்தில் இனிப்பு சேர்க்க வேண்டும், எதில் தேவையில்லை என்பது தானாகவே புரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், உறையும் வேகம். மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகங்கள் பெரிதாக வளரும். நாக்கில் மணல் மாதிரி நெருடும். சீக்கிரம் உறைந்தால் சின்னச் சின்னதாக இருக்கும். சிங்கிள் டோர் பிரிட்ஜில் இருக்கும் சின்ன ஃப்ரீசருக்குக் குளிர் போதாது. அதனால் பழத்தைப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் குவித்து வைக்காமல், எவர்சில்வர் தட்டில் ஒரே வரிசையாகப் பரப்பி வையுங்கள். உலோகம் குளிரைச் சட்டென்று கடத்தும். முந்தின நாள் ராத்திரி வைத்தால் காலையில் தயார். அதன் பிறகு கவரில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பழம்?

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே அநாவசியம். மல்கோவா, இமாம்பசந்த், குண்டு, நடுசாலை, செந்தூரா, பெங்களூரா என்று சீசனில் வண்டி வண்டியாக மாம்பழம் வரும் ஊர். அதில் மல்கோவாவையும் இமாம்பசந்தையும் உறைய வைப்பது பாவம். அவற்றை அப்படியே சாப்பிட்டுவிடுங்கள். குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும், பாதி வாசனை தெரியாது. ஸ்லஷுக்கு விலை குறைந்த பெங்களூராவும் செந்தூராவுமே போதும். நன்றாகக் கனிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒரு கவனம். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை மட்டும் 100 பிபிஎம் அளவுக்குள் பயன்படுத்தலாம். தோல் முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்து, வாசனையே இல்லாமல், உள்ளே வெட்டினால் வெளுப்பாகவும் புளிப்பாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். எந்தப் பழமாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகே தோலைச் சீவ வேண்டும்.

தர்பூசணிக்கு வேறு கதை. 2025 கோடையில் பழத்துக்குள் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவி, மக்கள் வாங்கப் பயந்து, விலை சரிந்து, விவசாயிகள்தான் அடிபட்டார்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது சாயத்துக்கு அல்ல, வெட்டி வைத்து ஈ மொய்க்கும் துண்டுகளுக்குத்தான். முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டினால் இரண்டு பயமும் இல்லை.

கொல்லிமலை அன்னாசியும் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் பச்சை அன்னாசியைப் பாலோடு சேர்த்து அரைத்து வைக்காதீர்கள். அதில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைத்துவிடும். பன்னீர் திராட்சையைக் கழுவித் துடைத்து அப்படியே உறைய வைக்கலாம். அரைத்தபின் வடிகட்டினால் போதும். நுங்கு மட்டும் ஃப்ரீசருக்குள் போகக் கூடாது. உறைந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பிரிட்ஜில் குளிர வைத்து, நறுக்கி மேலே போட்டுக்கொள்ளலாம்.

செய்முறை

இரண்டு பேருக்கு: உறைந்த மாம்பழத் துண்டுகள் 250 கிராம், குளிர்ந்த தண்ணீர் அல்லது இளநீர் அரை டம்ளர், பாதி எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை வேண்டாம். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். குளிரில் இனிப்பு மந்தமாகத் தெரியும், புளிப்புதான் ருசியைத் தூக்கிக் கொடுக்கும்.

தர்பூசணி என்றால், விதை நீக்கி உறைந்த துண்டுகள் 300 கிராம். இதற்கு மட்டும் ஒரு டேபிள்ஸ்பூன் நன்னாரி சர்பத் அல்லது நாட்டுச்சர்க்கரைப் பாகு, ஒரு சின்னத் துண்டு இஞ்சி, எலுமிச்சை, உப்பு. தண்ணீர் கால் டம்ளர் போதும், அதுவும் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரோ, போர்வெல் தண்ணீரோ, காய்ச்சாமல் போட்டால் கடை ஐஸுக்குப் பயந்ததில் அர்த்தம் இல்லை.

இப்போது மிக்ஸி. தமிழ்நாட்டில் மிக்ஸி இல்லாத வீடு அபூர்வம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி திட்டமே பாதி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. தேங்காய்ச் சட்னி அரைக்கும் அந்த மிக்ஸியே இதற்குப் போதும், ஆனால் முறையாகக் கையாள வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பழத்தை ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். முதலில் தண்ணீரையும் எலுமிச்சையையும் ஊற்றி, அதன் மேல் பழத்தைப் போடுங்கள். ஜார் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. குமிழை இடப்பக்கம் திருப்பி விட்டுவிட்டு ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை நிறுத்தி, கரண்டியால் கிளறிவிட்டு மறுபடி ஓட்டினால் ஒரு நிமிடத்தில் திரண்டு வரும்.

ஒரேயடியாக ஓட்டினால் என்ன ஆகும்? மிக்ஸி நின்றுவிடும். “போச்சு, மோட்டார் எரிஞ்சிடுச்சு” என்று பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்பு பட்டனைப் பாருங்கள். அது ஓவர்லோடு சுவிட்ச். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அமுக்கினால் பெரும்பாலும் மறுபடி ஓடும்.

ஆத்தூர் ஸ்டைல் வேண்டுமா? ஜவ்வரிசி இருக்கிறதே! 1940-களில் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தொடங்கிய ஜவ்வரிசி தயாரிப்பு, இன்று மரவள்ளிக் காடுகளும் சேகோ ஆலைகளுமாக ஆத்தூர் வட்டாரம் முழுக்கப் பரவியிருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சிறிய ஜவ்வரிசியை ஊறவைத்து, கண்ணாடி போல வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, டம்ளரின் அடியில் இரண்டு ஸ்பூன் போட்டு அதன் மேல் மாம்பழ ஸ்லஷை ஊற்றுங்கள். பபிள் டீ கடையில் நூறு, இருநூறு கொடுத்துக் கடிக்கும் உருண்டையும் இதே மரவள்ளி மாவுதான். வெந்த ஜவ்வரிசியையும் உறைய வைக்கக் கூடாது; உள்ளே கெட்டியாகி மாவு மாவாக இருக்கும்.

நிஜமாகவே உடம்பு குளிருமா?

குளிரும். 4 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் உடம்புக்குள் போய் 37 டிகிரி ஆவதற்கு சுமார் 138 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கிராம் ஐஸ் வெறுமனே உருகுவதற்கே 334 ஜூல் வேண்டும். பாதி ஐஸும் பாதி நீருமாக இருக்கும் ஸ்லஷ், அதே அளவு குளிர்ந்த தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும். 2010-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பத்து ஆண்களை 34 டிகிரி வெப்பத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்த நீர் குடித்துவிட்டு ஓடியபோது சராசரியாக 40.7 நிமிடம் தாங்கியவர்கள், ஐஸ் கூழ் குடித்தபோது 50.2 நிமிடம் தாங்கினார்கள்.

அதற்காக இதை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அந்த அளவுக்கு இது உயிர் விஷயம். வெயிலில் மயங்கி விழுந்தவர், குழப்பமாகப் பேசுபவர் வாயில் எதையும் ஊற்றாமல், நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். வியர்த்து வழிந்து வேலை செய்பவருக்குத் தண்ணீர், மோர், ஓஆர்எஸ்தான் முதலில். ஸ்லஷ் அதற்கு அப்புறம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மாம்பழ ஸ்லஷ் ஒரு டம்ளர் என்பது மாம்பழமேதான்; அரைத்துவிட்டதால் அளவு தெரியாமல் உள்ளே போய்விடும் என்பது கூடுதல் ஆபத்து.

குழந்தைகளுக்குக் கடை ஸ்லஷ் வாங்கித் தருபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சர்க்கரையைக் குறைத்துத் தயாரிக்கும் சில ஸ்லஷ்களில், கல்லாக உறைந்துவிடாமல் இருக்க கிளிசரால் சேர்ப்பார்கள். அதைக் குடித்த சின்னக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்த சம்பவங்கள் பிரிட்டனில் பதிவானதால், 7 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைத் தர வேண்டாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு 2025-ல் அறிவுறுத்தியது. வீட்டில் பழத்தை அரைத்து உடனே குடிப்பதால் கிளிசராலுக்கு வேலையே இல்லை.

கரண்ட் போனால்?

ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் பழம் சில மணி நேரம் தாங்கும். நிறைய அடைத்து வைத்த ஃப்ரீசர் அதிக நேரம் தாங்கும், காலியாகக் கிடப்பது சீக்கிரம் சூடாகும். கரண்ட் வந்ததும் தொட்டுப் பாருங்கள். துண்டுகளில் இன்னும் ஐஸ் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். முழுக்க இளகி, ஆனால் குளிர்ச்சி போகாமல் இருந்தால் திரும்ப உறைய வைக்காமல் அன்றைக்கே அரைத்துக் குடித்துவிடுங்கள், அல்லது நாட்டுச்சர்க்கரை போட்டு அடுப்பில் கிளறி ஜாம் ஆக்கிவிடுங்கள். குளிர்ச்சியே இல்லாமல் வெதுவெதுப்பாகி, புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.