பார்த்ததைப் பார்த்தபடி வரைதல்

தத்ரூபமாக வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம், கை வரவில்லை என்பதுதான். ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. தன் பெயரைத் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு, ஒரு முகத்தைப் பென்சிலால் வரையத் தேவையான கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 'ஐ' என்ற எழுத்தின் சுழிகளைத் தடுமாறாமல் போடுகிற விரல்கள் ஒரு மூக்கின் விளிம்பைப் போடத் தவற வேண்டியதில்லை. தவறு அதற்கு முன்பே, பார்க்கும்போதே நடந்துவிடுகிறது.

குழந்தைகள் மூன்று நான்கு வயதில் யாரும் சொல்லித்தராமலே வரையத் தொடங்குகிறார்கள். அவர்கள் போடுவது அடையாளக் குறிகள். வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தால் முகம், ஐந்து குச்சி நீட்டினால் கை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரை வரையச் சொன்னாலும் வந்து நிற்கிற இயற்கைக் காட்சியும் இப்படிக் குறிகளால் ஆனதே: இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், வளைந்து வரும் ஆறு, குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. அந்த மலையை வரைந்தவர்கள் யாரும் அதைப் பார்த்து வரைந்ததில்லை. ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறுகிறது. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியான தன் நூலில் இந்தப் பருவத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தான் வரைந்த மாடு உண்மையான மாடு போல இல்லை என்பது குழந்தைக்கு அப்போதுதான் உறைக்கிறது. எப்படிச் சரிசெய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாதபோது, பெரும்பாலான குழந்தைகள் வரைவதையே நிறுத்திவிடுகின்றன. முப்பது வயதில் மறுபடி பென்சிலை எடுப்பவரின் படம் பத்து வயதுப் பிள்ளையின் படம் போல இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விட்ட இடத்திலிருந்துதான் யாரும் தொடங்க முடியும்.

குறி எப்படிப் பார்வையை மறைக்கிறது என்பதை ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தே பார்த்துவிடலாம். மேசைமேல் டம்ளரை வைத்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து வரையச் சொன்னால், புதியவர்கள் வாயை ஏறக்குறைய முழு வட்டமாகப் போடுவார்கள். அடியை நேர்கோடாக இழுப்பார்கள். வாய் வட்டமானது என்பதும், அடி தட்டையாக மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் வரைகிறார்கள். கண்ணில் விழும் வடிவமோ வேறு. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வாய் ஒடுங்கிய நீள்வட்டம். அடிவிளிம்பு கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிடக் கூடுதலாக வளைந்து தெரியும். டம்ளரை மெல்ல உயர்த்திக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தால் வாய் ஒரு கோடாகவே சுருங்கிவிடும். இதை ஒருமுறை கவனித்தவரால் மறுபடி அடியில் நேர்கோடு இழுக்க முடியாது.

சாய்வாக வைத்த வட்டத் தட்டு கண்ணில் எவ்வளவு ஒடுங்கி விழுகிறதோ, அதைவிட வட்டமாகவே மனிதர்கள் அதை உணர்கிறார்கள் என்பதை உளவியலாளர் ராபர்ட் தௌலஸ் 1931இல் சோதனைகளால் காட்டினார். அன்றாட வாழ்க்கைக்கு இந்தத் திருத்தம் பெரிய உதவி. தட்டு எந்தக் கோணத்தில் இருந்தாலும் அது தட்டுதான் என்று தெரிந்தால்தானே எடுத்துச் சாப்பிட முடியும்? வரைபவருக்கு மட்டும் அது இடைஞ்சல். பார்த்ததை ஏன் பெரும்பாலோரால் வரைய முடிவதில்லை என்று டேல் கோஹனும் சூசன் பென்னட்டும் செய்த ஆய்வு 1997இல் வெளியானது. கையின் பிசகைவிட, பொருளைத் தவறாக உணர்வதே முதன்மையான காரணம் என்ற முடிவுக்கு அவர்களும் வந்தார்கள்.

நம்பிக்கை இழந்த நிலையில் வரையக் கற்றுக்கொண்டவர்களில் வின்சென்ட் வான்கோவைப் போலத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தன் பயிற்சியைத் தம்பி தியோவுக்கு அவர் கடிதங்களில் விரிவாக எழுதிவந்ததே அதற்குக் காரணம். 1880இல் ஓவியனாவது என்று அவர் முடிவு செய்தபோது வயது 27. ஓவிய வணிகம் செய்த கூப்பில் நிறுவனத்தில் பார்த்த வேலை போய்விட்டது. பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் செய்த மதப் பணியிலும் நீடிக்க முடியவில்லை. அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் விறைத்து நிற்கிறார்கள். கைகால் அளவுகள் பொருந்தவில்லை. பிறவி மேதை என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான்.

அவர் செய்த முதல் காரியம், பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் பார்க் தயாரித்த பாடப் படங்களை வரவழைத்துப் பார்த்து வரைந்தது. ஓவியர் ஜெரோமின் துணையுடன் பார்க் உருவாக்கிய அந்தப் படங்கள் 1860களில் பிரான்சில் வெளிவரத் தொடங்கின. சாந்துச் சிலையின் தலையையோ காலையோ எடுத்துக்கொண்டு, முதலில் அதைச் சில நேர்கோடுகளுக்குள் அடக்கி, பிறகு நிழலின் எல்லையைக் குறித்து, கடைசியில் மெருகேற்றும் முறையை அவை காட்டின. வளைவைக்கூட நேர்கோட்டுத் துண்டுகளாகவே முதலில் போட வேண்டும். கோணமும் நீளமும் உள்ள கோட்டைச் சரிபார்க்க முடியும், வளைவைச் சரிபார்ப்பது கடினம் என்பதே அதன் காரணம். பார்க்கின் கரித்துண்டுப் பயிற்சிகள் என்ற 60 மாதிரிகளையும் வான்கோ விடாமல் வரைந்தார். பத்து ஆண்டு கழித்து, இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, புகழ்பெற்ற ஓவியங்கள் பலவற்றை முடித்திருந்த நிலையிலும், அந்த மாதிரிகளை மறுபடி வரைய வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அடுத்தது ஒரு கருவி. 1882 ஆகஸ்டில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்தார். சட்டத்துக்குள் நெட்டாகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் இழைகள். மணலிலும் புல்லிலும் ஊன்றி நிறுத்துவதற்காகக் கால்களுக்குக் கொல்லனிடம் இரும்பு முனை அடித்து வாங்கினார். சட்டத்தின் வழியே கடற்கரையைப் பார்த்தால், தொடுவானம் எந்த இழையில் விழுகிறது, படகின் பாய்மரம் எந்தக் கட்டத்தில் முடிகிறது என்பது தெரிந்துவிடும். இது அவர் கண்டுபிடித்ததல்ல. கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே நூலிழைத் திரையைத் தொங்கவிடும் உத்தியை இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435இலேயே எழுதிவைத்தார். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவை நூலில் இதுபோன்ற கருவிகளின் படங்கள் உண்டு. சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய தட்டியில் பெருக்கி நடிகரின் முகத்தை ஏற்றியதும் இதே கணக்குதான். கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலை என்று நினைத்துக் கூச்சப்படும் புதியவர்களுக்கு இந்த வரிசையே பதில். ஆனால் கட்டத்தை மட்டுமே நம்பினால் கண் பழகாது. சரிபார்க்க அதை வைத்துக்கொள்வது நல்லது.

கருவியே இல்லாமல் குறிகளை ஏமாற்றும் வழிகளும் உண்டு. அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய நூலால் பரவலான பயிற்சி ஒன்று, மாதிரிப் படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது. அவர் கொடுத்த மாதிரி, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிக்காசோ வரைந்த கோட்டோவியம். தலைகீழாகப் பார்க்கும்போது இது மூக்கு, இது விரல் என்று பெயர் சொல்ல மனம் முந்துவதில்லை. கோடு எங்கே திரும்புகிறது என்பது மட்டுமே கண்ணில் படுகிறது. முடித்து நிமிர்த்திப் பார்த்தால் படம் வியப்பூட்டும் அளவு சரியாக வந்திருக்கும். மூளையின் வலப்பாதி இடப்பாதி என்று எட்வர்ட்ஸ் தந்த விளக்கத்தை இன்றைய அறிவியல் அந்த எளிய வடிவில் ஏற்பதில்லை. பயிற்சி பலிக்கிறது என்பதில் அதனால் குறைவில்லை. இடைவெளியை வரைவது இன்னொரு வழி. நாற்காலியை வரையும்போது கால்களை விட்டுவிட்டு, கால்களுக்கு நடுவே தெரியும் தரையின் துண்டுகளை வடிவங்களாக எண்ணி வரைய வேண்டும். அந்தத் துண்டுக்குப் பெயரும் இல்லை, குறியும் இல்லை. அதனால் கண் அதை உள்ளபடியே எடுத்துக்கொள்கிறது.

இதற்குப் பிறகு வருவது அளவெடுத்தல். கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைப் பொருளுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். பென்சில் நுனியை உச்சியில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அடியைக் குறித்தால் ஒரு அளவு கிடைக்கும். அதை அப்படியே திருப்பி அகலத்தில் வைத்துப் பார்க்கலாம். முழங்கை மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறி, எல்லா அளவும் கெட்டுவிடும். புதியவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இது. நிற்கும் மனிதரை வரைய, தலையின் உயரத்தை அலகாகக் கொள்வது வழக்கம். வளர்ந்தவரின் உயரம் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை. நேர்நிலை பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்பவரின் கழுத்துக் குழியில் நூலைப் பிடித்தால், அது பாரம் தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகே வந்து விழும். படத்தில் அப்படி விழவில்லை என்றால், வரைந்த ஆள் கீழே விழப்போகிறவர் போலத் தெரிவார்.

முகத்தில் எல்லோரும் செய்யும் பிழை கண்களை மேலே தூக்கி வைப்பது. உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் இருப்பவை கண்கள். நெற்றியிலும் தலைமுடியிலும் பார்க்கச் சுவையாக எதுவும் இல்லை என்பதால் மனம் அந்தப் பகுதியைச் சுருக்கிவிடுகிறது. மண்டை தட்டிப்போன முகம்தான் மிஞ்சுகிறது. இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கண்ணின் அகலம், புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவே காது என்பவை மற்ற பொது அளவுகள். இவை சராசரிதான். ஒருவரின் முகம் இந்தச் சராசரியிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறது என்பதில்தான் சாயல் இருக்கிறது. ஆகவே பொது அளவை மெல்லிய கோட்டில் போட்டுவிட்டு, எதிரில் இருப்பவரோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

கோடு சரியான பிறகு ஒளியும் நிழலும். வெள்ளை முட்டை ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழச் செய்தால் தேவையான பாடம் முழுதும் அதிலேயே இருக்கிறது. ஒளி படும் பக்கம் தாளின் வெண்மை. அங்கிருந்து வளைவு திரும்பத் திரும்பச் சாம்பல் கூடி, விளிம்புக்குச் சற்று முன்பே மிக இருண்ட பட்டை ஒன்று வரும். அதைத் தாண்டி விளிம்பில் நிழல் கொஞ்சம் வெளுக்கும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி அது. முட்டையின் நிழல் தாளில் விழும் இடத்தில், முட்டையை ஒட்டிய பகுதி மிகக் கருமை, தள்ளிப்போகப் போக மங்கல். திரும்பும் ஒளியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் புதியவர்கள் அதை மிகையாக வெளுத்துவிடுவார்கள். அது நிழலுக்குள் இருக்கும் ஒளி. ஒளிப்பக்கத்தின் எந்தச் சாம்பலைவிடவும் இருண்டே இருக்க வேண்டும். இங்கும் மனம் தலையிடுகிறது. பார்வை அறிவியலாளர் எட்வர்ட் ஏடெல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலில் கிடக்கும் 'வெள்ளை'க் கட்டமும் ஒளியில் கிடக்கும் 'கறுப்பு'க் கட்டமும் ஒரே சாம்பல் நிறம். தெரிந்துகொண்ட பிறகும் கண் அதை நம்ப மறுக்கும். ஓவியர்கள் கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்ப்பது இதற்காகத்தான்; சிறு விவரங்கள் மறைந்து, கருமை வெண்மைத் திட்டுகள் மட்டும் மிஞ்சும்.

படம் வெளிறிப்போவதற்குப் பயமும் ஒரு காரணம். எழுதும் எச்பி பென்சிலால் எவ்வளவு அழுத்தினாலும் ஆழ்ந்த கருமை வராது. 2பி, 4பி, 6பி என எண் ஏற ஏறக் களிமண் குறைந்து கிராஃபைட் கூடும், கோடு கறுக்கும். கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலக்கும் இந்த முறைக்கு நிக்கோலா ஜாக் கோன்தே 1795இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். நல்ல தாளும் மூன்று பென்சிலும் ஒரு ரப்பரும் இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். விலையுயர்ந்த பெட்டிகள் வாங்குவது, வரைவதைத் தள்ளிப்போட ஒரு சாக்காகவே முடிகிறது.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். வரையலாம். முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையைப் படக்கருவி முன்பே முடித்துவிட்டதால் அது எளிது. அதே காரணத்தால் கற்பதும் குறைவு. கைபேசியை அருகில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கியிருக்கும். வரைபவர் அந்தக் கோணலையும் சேர்த்து வரைந்துவிடுவார். அசையாத நேர்ப் பொருளே சிறந்த ஆசிரியர். ஓவியர் சில்பி ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் சிற்பங்களை நேரில் இருந்து பார்த்து வரைந்தார். தூணில் நிற்கும் கற்சிற்பம் நாளெல்லாம் அசையாமல் நிற்கும். தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணமும் பெரும்பாலும் கிடையாது.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் ஒரு சோர்வு வரும். முன்பைவிடப் படம் மோசமாகிவிட்டதாகத் தோன்றும். கண் முதலில் தேறுகிறது, கை பின்னால் வருகிறது. முன்பு தெரியாமல் போன பிழைகள் இப்போது தெரிகின்றன. பலர் நிறுத்திவிடுவது இங்கேதான் என்பது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் கற்றல் நடக்கிறது என்பதற்கான அறிகுறியே அந்தச் சோர்வு. படங்களைக் கிழிக்காமல் தேதியிட்டு வைத்துக்கொண்டால், ஆறு மாத இடைவெளியில் இரண்டை அருகருகே வைத்து வேறுபாட்டைப் பார்க்கலாம். பிழை எங்கே என்று புலப்படாதபோது படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கச் சொன்னார் லியனார்டோ டா வின்சி. திரும்பிய படத்தில் கோணல் உடனே துருத்திக்கொண்டு தெரியும். பல மணி நேர வேலையை ஒரு நிமிடமாகச் சுருக்கிக் காட்டும் வீடியோக்களோடு தன் படத்தை ஒப்பிடுவது மட்டும் வேண்டாம்.

அசையாத பொருள் ஓரளவு பிடிபட்டதும் அசைபவர்களை வரையலாம். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் கலைப்பள்ளியில் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ் இதற்கு முறையான பயிற்சி வகுத்தவர்; அவர் இறந்தபின் 1941இல் நூல் வெளியானது. ஒரு நிமிடத்துக்குள், உருவத்தின் விளிம்பைத் தொடராமல், உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே பாரம் விழுகிறது என்பதை மட்டும் ஓடுகிற கோடுகளில் பிடிக்க வேண்டும். பேருந்து நிலையமும் டீக்கடையும் இதற்கு ஏற்ற இடங்கள். பேருந்துக்காகக் காத்திருப்பவர் எப்படியும் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். நகர்ந்துவிட்டால் அந்தத் தாளிலேயே பக்கத்தில் அடுத்தவரைத் தொடங்கிவிடலாம்.