பழைய டிராக்டர்களில் பவர் ஸ்டியரிங் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

டிராக்டரின் முன்சக்கரங்களைத் திருப்புவதற்கு ஓட்டுவோனுடைய கைவலிமையுடன் எண்ணெயின் அழுத்தத்தையும் துணையாகக் கொள்ளும் அமைப்பே பவர் ஸ்டியரிங் எனப்படுவது. 1926-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் இதனை மோட்டார் வண்டியொன்றில் அமைத்துக் காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் கம்பெனியார் தங்கள் கார்களில் இதனை வைத்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். டிராக்டர்களுக்கும் இது பரவி, இப்பொழுது நம் மிராசுதாரர்களிடமும் குடியானவர்களிடமும் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் காணப்படுகிறது. பல வருஷம் உழைத்த வண்டியில் ஸ்டியரிங் கனமாகிவிட்டால், பம்பு போய்விட்டதென்று உடனே தீர்மானித்துப் புதுப் பம்பு வாங்கிப் பொருத்துவதும், பொருத்திய பின்னரும் ஸ்டியரிங் முன்போலவே கனத்திருப்பதும் நிகழ்வதுண்டு. செலவு மிகுந்த உறுப்பை முதலிலும், செலவே இல்லாத காரணத்தைக் கடைசியிலும் சந்தேகிப்பதே இந்த நஷ்டத்திற்கு மூலம். சோதனையின் வரிசையை மாற்றிக்கொண்டால் இதனைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அமைப்பின் இயல்பு கடினமானதன்று. எஞ்சினால் சுழலும் பம்பு, தொட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சி அழுத்தத்துடன் வால்வுக்கு அனுப்புகிறது. ஸ்டியரிங் சக்கரத்தை எப்பக்கம் திருப்புகிறோமோ அதற்கேற்ப வால்வு அவ்வெண்ணெயைச் சிலிண்டரின் ஒரு பக்கத்திற்குச் செலுத்த, சிலிண்டரின் தண்டு முன்சக்கரங்களைத் தள்ளுகிறது. அழுத்தம் அளவுக்கு மிஞ்சாதபடி ரிலீஃப் வால்வு ஒன்று காக்கிறது. சில வண்டிகளில் பழைய ஸ்டியரிங் பெட்டியும் இரும்புத் தண்டுகளும் அப்படியே இருக்க, எண்ணெய் உதவி மட்டும் செய்கிறது. வேறு சிலவற்றிலோ ஸ்டியரிங் சக்கரத்திற்கும் முன்னச்சுக்கும் இடையே இரும்பு இணைப்பு யாதொன்றும் இல்லை, எண்ணெயே இணைப்பு. தம் வண்டி இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்ததென்பதைச் சொந்தக்காரர் முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும். இரண்டாம் வகையில் குழாய் வெடித்தால் வண்டி எப்பக்கமும் திரும்பாது.

ஸ்டியரிங் கனத்தால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயையன்று, முன்சக்கரங்களையே. காற்றுக் குறைந்த டயரும், மாதக்கணக்கில் கிரீஸ் காணாத கிங் பின்னும் நல்ல பம்பையும் கெட்ட பம்பாகக் காட்டும். டயர்களில் உரிய காற்று நிரப்பி, கிரீஸ் அடித்த பிறகும் கனம் நீங்காவிடில், எஞ்சினை நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு அடைக்கட்டை கொடுத்து, முன்னச்சை ஜாக்கியால் தூக்குக. முன்னச்சு நடு ஊசியில் இருபுறமும் ஆடக்கூடியது. ஆகையால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சின் இருபக்கமும் உறுதியான கட்டைகளை வைத்தல் அவசியம். பிறகு சிலிண்டர் தண்டை அச்சுடன் சேர்க்கும் பின்னைக் கழற்றிச் சக்கரங்களைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டியுள்ள வண்டியில் அதிலிருந்து வரும் தண்டையும் விடுவித்தல் வேண்டும். ஒருவர் கைக்கே சக்கரங்கள் எளிதில் திரும்புமாயின் குறை எண்ணெய்ப் பக்கத்திலுள்ளது. திரும்பாவிடில் குறை இரும்புப் பக்கத்திலேயே உள்ளது. பம்புக்கு வைத்திருந்த பணம் இந்த ஒரு சோதனையால் மிஞ்சுவதுண்டு.

சேற்றுழவின்போது மட்டும் ஸ்டியரிங் கேட்கவில்லை என்று சொல்வோர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். பின்னால் கனமான கருவி தொங்கும்போது முன்பாரம் குறைந்து, சக்கரங்கள் திரும்பியும் சேற்றில் வழுக்கிக்கொண்டே போகும். இது ஸ்டியரிங் கோளாறன்று. முன் எடைகள் பூட்டினால் சரியாகும்.

அடுத்தது எண்ணெய். வண்டி சமதரையில் நிற்க, சிலிண்டரின் நிலை கைப்புத்தகத்தில் கூறியபடி இருக்க, மட்டத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. நுரைத்திருந்தால் பம்புக்குச் செல்லும் உறிஞ்சு குழாய் வழியே காற்றுப் புகுகிறது. அக்குழாயின் கிளிப்பை இறுக்குவதே போதுமானதாக இருக்கலாம். கருத்துத் தீய்ந்த வாசனை வீசினால் எண்ணெய் மிகச் சூடேறியுள்ளது. பட்டறையில் கிடைத்த எந்த எண்ணெயையும் ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டும் வழக்கம் மிகவும் கெடுதலானது. முக்கியமாகப் பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதி மெத்தென்றாகி, சில நாட்களில் எல்லா மூட்டுகளும் ஒழுகத் தொடங்கும். சில வண்டிகளில் ஸ்டியரிங்கும் பின் லிஃப்டும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் லிஃப்டும் சோம்பலாக எழுமாயின், இரண்டிற்கும் பொதுவான எண்ணெய் மட்டத்தையும் ஃபில்டரையும் முதலில் பார்ப்பதே முறை.

எண்ணெய் மாற்றிய பின்னர்க் காற்றை வெளியேற்றாமல் வேலைக்குக் கொண்டுபோகலாகாது. எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, ஸ்டியரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை பலமுறை நிதானமாகத் திருப்பி, நுரை அடங்கும்வரை மட்டத்தை நிரப்பி வரவேண்டும். கோடியில் வைத்து அழுத்திக்கொண்டே இருத்தல் கூடாது. அப்போது ரிலீஃப் வால்வு வழியே சுற்றும் எண்ணெய் விரைவில் கொதிப்பேறும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் குறை நீங்காதபோதுதான் பம்பு, வால்வு, சிலிண்டர் மூன்றையும் ஆராய வேண்டும். மெதுவான ஓட்டத்தில் கனமும் வேகமான ஓட்டத்தில் இலேசும் தோன்றினால் பம்பு தேய்ந்திருத்தல் கூடும். பெல்ட்டால் ஓடும் பம்பாயின் பெல்ட் வழுக்குகிறதா என்பதை முன்னதாகப் பார்க்க வேண்டும். எல்லா வேகத்திலும் கனமாயின், ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தபடி நிற்கலாம். ஒரு பக்கம் மட்டும் கனம், மறுபக்கம் இலேசு என்றால் பம்பைக் குறைகூற நியாயமில்லை. இரு பக்கத்திற்கும் எண்ணெய் தருவது அதே பம்பன்றோ? அங்கே வால்வு, சிலிண்டர், அப்பக்கத்துக் குழாய் இவற்றையே பார்க்க வேண்டும். ஒற்றைத் தண்டுச் சிலிண்டரில் இடத்திற்கும் வலத்திற்கும் சிறிது வித்தியாசம் இயற்கையாகவே இருக்கும். அதைப் பிழையென்று கொள்ளலாகாது.

சக்கரங்கள் கோடியை எட்டிய பின்னும் கைச்சக்கரம் மெல்ல நழுவிச் சுழன்றுகொண்டே இருந்தால், எண்ணெய் சிலிண்டரின் பிஸ்டனைத் தாண்டியோ வால்வினுள்ளேயோ கசிகிறது. இன்னதென்று பிரித்தறிய, சக்கரங்களை ஒரு கோடிக்குத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் இல்லாத பக்கத்துக் குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றி, குழாயின் முனையை இரும்பு மூடியால் திருகி அடைக்க வேண்டும். பின்பு எஞ்சினை மெதுவாக ஓட்டி, அதே கோடியை நோக்கி இரண்டு மூன்று விநாடி மட்டும் அழுத்த, திறந்த துவாரத்திலிருந்து எண்ணெய் விடாது வருமாயின் பிஸ்டன் சீல் கெட்டது; வராவிடில் வால்வைச் சந்தேகிக்கலாம். எதிர்ப்பக்கம் திருப்பலாகாது. அழுத்தமானி கொண்டு ரிலீஃப் வால்வைச் சரிசெய்தல் தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. கனம் நீங்கவேண்டுமென்று அதன் ஸ்பிரிங்கிற்கு அடியில் வாஷர் சேர்ப்பது குழாயை வெடிக்கச் செய்யும் வழி.

நெல் வயல்களில் சிலிண்டர் சீக்கிரம் கெடுவதற்குச் சேறே காரணம். தண்டின்மேல் காய்ந்த சேறு, அடுத்த நாள் தண்டு உள்ளே செல்லும்போது சீலை அரைக்கும். பளபளப்பான மேற்பூச்சிலும் கோடு விழும். கோடு விழுந்த தண்டில் புதுச் சீல் மாற்றியும் நெடுநாள் நிற்பதில்லை. மாலையில் வண்டியை விடும்போது ஒரு குடம் தண்ணீரும் ஒரு துணியும் இதற்குப் போதும்.

கசிவைத் தேடும்போது கையால் தடவிப் பார்ப்பது பெரும் அபாயம். ஊசித் துவாரத்திலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். முதலில் வலி அதிகமிராது. ஆயினும் தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம். அட்டைத் துண்டைக் காட்டியே கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே பட்டு உட்புகுந்திருந்தால் கட்டுப்போட்டு விட்டுவிடாமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே செல்ல வேண்டும்.

எண்ணெயே இணைப்பாக உள்ள வண்டியில் எஞ்சின் நின்றாலும் மிகுந்த பலத்துடன் கையால் திருப்ப இயலும். குழாய் வெடித்தாலோ எண்ணெய் வற்றினாலோ அதுவும் இயலாது. கரும்பு ஏற்றிய டிரெய்லருடன் வாய்க்கால் கரைமேல் செல்லும் வண்டிக்கு இது உயிர் சம்பந்தமான விஷயம். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருட்டிவிடும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். வெடிப்புக் கண்ட ரப்பர்க் குழாயைத் துணி சுற்றிக் கட்டாமல் உடனே மாற்றிவிட வேண்டும்.

வாடகைக்கு விடப்படும் டிராக்டர்களைப் பொறுப்பில் வைத்திருப்போர், ஸ்டியரிங் தொட்டியில் எண்ணெய் சேர்த்த நாளையும் அளவையும் வண்டியின் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தல் நலம். வாரத்திற்கு வாரம் அளவு கூடுமாயின், வெளியே ஈரம் தெரியாவிடினும் எங்கோ ஒழுக்கு உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவ்வண்டியைப் பாரம் ஏற்றிச் சாலைக்கு அனுப்பலாகாது.