சரக்கு போகாது, சீட்டுத்தான் போகும்

மிளகாய் 2 மூட்டை என்று ஆர்டர் சீட்டில் எழுதினால் சீட்டில் காரம் இருக்காது. சரக்கு குடோனில் இருக்கிறது. இசைக்கருவி வியாபாரத்தில் 'மிடி' என்பதும் இப்படி ஒரு சீட்டுத்தான். அதில் ஓசை கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என 0 முதல் 127 வரை எண்கள் மட்டுமே. கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள்தான் குடோன். சீட்டைப் பார்த்து வயலினோ புல்லாங்குழலோ எடுத்துக் கொடுக்கும்.

1983 ஜனவரியில் அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ், ஜப்பானின் ரோலண்ட் என்ற இரு போட்டிக் கம்பெனிகள் தத்தம் கீபோர்டுகளை ஒரே ஒயரில் இணைத்துக் காட்டின. இந்த முறைக்கு யாரிடமும் உரிமைத்தொகை கேட்கவில்லை. நம் கடைத்தெருவில் இரண்டு பேர் ஒரே பில் புத்தகத்துக்கு ஒத்துக்கொள்வார்களா? அதனால்தான் இன்றும் ஒரு கம்பெனி கருவியின் சீட்டை இன்னொரு கம்பெனி மென்பொருள் படிக்கிறது.

கீபோர்டில் கட்டையை அழுத்தினால் எண் தயார். கிதார்காரர் பாடுதான் சிரமம். கம்பிகளின் அடியில் தனி பிக்கப் பொருத்தி, 6 கம்பிக்கும் 6 தனிக் கணக்கு வைக்க வேண்டும். அதிர்வை அளந்த பிறகே சீட்டு எழுத முடியும். தடித்த கம்பி வினாடிக்குச் சுமார் 82 முறைதான் அதிரும். ஒரு சுற்று முடியவே வினாடியில் ஆயிரத்தில் 12 பங்கு ஆகிவிடும். எடை போடுமுன் பில் கேட்டால் கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? கீழ்ச்சுரம் பிந்தித்தான் வரும். விரல் லேசாக உரசினாலும் வீண் சீட்டு ஒன்று விழும்.

விவரமானவர்கள் மெல்லிய கம்பிகளில் ஒரு ஸ்தாயி மேலே வாசித்து, மென்பொருளில் ஒரு ஸ்தாயி இறக்கி வைத்துக்கொள்கிறார்கள்.