வாசிக்க மறுத்தவர்

1991 ஜனவரி 13. லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காக்கத் திரண்டு நின்ற மக்கள்மீது சோவியத் படை டாங்கிகளோடு பாய்ந்தது. 14 பேர் மாண்டார்கள். மாஸ்கோவில், நடந்ததற்கு மேலிடம் தந்த விளக்கம் இரவுச் செய்தியான டிஎஸ்என்னுக்கு வந்து சேர்ந்தது. 'வாசிக்க மாட்டேன்' என்றுவிட்டார் தத்யானா மித்கோவா. சக வாசிப்பாளர் திமித்ரி கிசெல்யோவும் மறுத்தார்.

அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால், அன்று அதிகாரமே இரண்டுபட்டுக் கிடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரெம்ளினில் கொர்பசேவ், ரஷ்யக் குடியரசில் யெல்ட்சின். அதே ஆண்டு மே மாதம் யெல்ட்சின் தரப்பு 'வெஸ்தி' என்று சொந்தமாகவே ஒரு செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. டிஎஸ்என்னிலிருந்து சிலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாசல் அடைபட்டால் இன்னொன்று திறந்திருந்த காலம் அது.

1994இல் லிதுவேனியா மித்கோவாவுக்கும் கிசெல்யோவுக்கும் ஜனவரி 13 நினைவுப் பதக்கம் அளித்தது.

இனி இருபது ஆண்டுகளைத் தாண்டுவோம். 2014 மார்ச் 16, ஞாயிறு மாலை. கிரிமியாவில் 'பொதுவாக்கெடுப்பு' நடந்த நாள். அரசுத் தொலைக்காட்சியில் நின்றபடியே பேசுகிறார் கிசெல்யோவ். கைகள் காற்றில் அலைகின்றன. பின்னால் பெரிய திரையில் அணுகுண்டின் காளான் புகை. அமெரிக்காவைக் கதிரியக்கச் சாம்பலாக்க வல்ல ஒரே நாடு ரஷ்யாதான் என்கிறார். நிகழ்ச்சியின் பெயர் 'வெஸ்தி நெதேலி', அதாவது வாரச் செய்திகள். மறுத்தவர்களுக்குப் புகலிடமாக இருந்த அதே 'வெஸ்தி'யின் வாரிசு! இதற்கு மூன்று மாதம் முன்புதான் ரியா நோவஸ்தி செய்தி நிறுவனத்தைக் கலைத்த புதின், அதன் இடத்தில் உருவாக்கிய 'ரசியா சிவோத்னியா'வுக்கு இவரைத் தலைவராக்கியிருந்தார்.

ஐரோப்பிய ஒன்றியம் கிசெல்யோவ்மீது தடை விதித்தது. லிதுவேனியா பதக்கத்தைப் பறித்தது. மித்கோவா என்ன செய்தார்? தன் பதக்கமும் வேண்டாம் என்று அறிவித்துக் கிசெல்யோவ் பக்கம் நின்றார். 2001இல் தனியார் தொலைக்காட்சியான என்டிவி, அரசு சார்ந்த எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் கைக்கு மாறி, பலர் வெளியேறியபோது அங்கேயே தங்கிவிட்டவர் மித்கோவா.

'ஆளே மாறிவிட்டார்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மீதிக் கதை, வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டது. 2001இல் என்டிவி, அடுத்த ஆண்டு டிவி-6 தொலைக்காட்சி. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச் முதல் வாரத்தில் எஹோ மஸ்க்வி வானொலியும் தோஷ்த் தொலைக்காட்சியும் ஒருசேர மௌனமாயின. ரஷ்யப் படையைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று அதே வாரம் சட்டமும் வந்தது. இதற்காகக் கிசெல்யோவை மன்னிக்க வேண்டியதில்லை. அடைபட்ட வாசலில் நின்று தவித்தவரல்ல, அடைத்தவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தவர்.

இன்று மறுப்பதற்கு என்ன விலை? 2022 மார்ச் 14 இரவு, அரசின் முதல் அலைவரிசையில் 'விரேம்யா' செய்தி நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. வாசித்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால், அங்கேயே பணியாற்றிய மரீனா ஓவ்ஸ்யான்னிகோவா போர் எதிர்ப்புப் பதாகையோடு வந்து நின்றார். சில நொடிகள்தாம், காட்சியை மாற்றிவிட்டார்கள். வாசித்தவர் நிறுத்தவே இல்லை. முதலில் 30,000 ரூபிள் அபராதம். ஜூலையில் கிரெம்ளின் எதிரே மறுபடி தனியாகப் பதாகை பிடித்ததற்கு வழக்கு, வீட்டுக் காவல். அவர் நாட்டைவிட்டுத் தப்பிப் பிரான்சுக்குப் போனார். 2023 அக்டோபரில் மாஸ்கோ நீதிமன்றம், அவர் இல்லாமலேயே, எட்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.