மூணு வருசம்

வானொலியில் ஒரு காலை நேயர்களிடம் கேட்டேன்: "உங்கள் தாத்தா, பாட்டி கப்பலேறி வந்தபோது எதைக் கொண்டு வந்தார்கள்?" அம்மிக்கல், முருகன் படம், பித்தளைச் செம்பு என்று அழைப்புகள் குவிந்தன. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் உறைத்தது: என் பாட்டியிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

அந்த வாரமே உலு யாமுக்குப் போனேன். பாட்டி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்காத்தா ஒரு துணி மூட்டைதான் கொண்டாந்துச்சு. மூணு வருசத்துல திரும்பிடலாம்னு சொல்லித்தான் கங்காணி கூட்டியாந்தாரு. மூணு வருசத்துக்கு அம்மிக்கல் எதுக்கு?"

கொள்ளுப்பாட்டி வந்தது 1937-ல். நாகப்பட்டினம் முகாம், ஒரு வாரம் போலக் கப்பல், பினாங்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம், பிறகு ரப்பர் தோட்டத்து லயம். கப்பல் கட்டணத்தைத் தோட்ட முதலாளிகளின் பணத்தில் இயங்கிய குடியேற்ற நிதி கட்டியது. ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே ஒழிந்திருந்தது. ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து வேலையை விடலாம் என்றது சட்டம். விட்டுவிட்டு எங்கே போவது?

1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலித் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. ஊருக்குப் போனால் அதே வழியில் மறுபடி வர முடியாது. "இன்னும் ஒரு வருசம் பார்ப்போம்" என்று நாளைத் தள்ளினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். ஊருக்குப் போகும் கப்பலும் நின்றது. கொள்ளுத்தாத்தாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை.

"சண்டை முடிஞ்சு கப்பல் ஓடுனப்பவும் ஆத்தா போகல. 'அவரு வந்து தேடுனா நான் இங்கல்ல இருக்கணும்'னு சொல்லும்."

லயத்து வாசலில் ஆத்தா நட்டது ஒரு முருங்கைப் போத்து. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது பாட்டி அதில் ஒரு கிளையை வெட்டி எடுத்து வந்து இங்கே நட்டிருக்கிறார். நான் சிறு வயதிலிருந்து சாப்பிட்ட கீரை அதுதான்.

பேசிக்கொண்டிருந்தபோது வேலியோரம் ஒரு வங்காளதேச இளைஞர் வந்து நின்றார். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. அவ்வப்போது கீரை கேட்டு வருவாராம். எத்தனை வருடம் இருக்கப் போகிறார் என்று மலாயில் கேட்டேன்.

"தீகா தாஹுன்" என்றார் சிரித்தபடி. மூணு வருசம்.

பாட்டி என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. இன்னொரு கொத்து ஒடித்து அவர் கையில் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரம் உட்கார்ந்து பேசுங்கள். என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: எத்தனை வருடத்தில் திரும்பலாம் என்று நினைத்துக் கப்பலேறினார்கள்? அடுத்த முறை நேயர்களிடம் நான் அதைத்தான் கேட்கப்போகிறேன்.