மலைக்குள் ஒரு நீர்த்தேக்கம்

உமா ஓயா வடக்கே போகப் பிறந்த ஆறு. நுவரெலியா, வெலிமடை மலைகளில் திரண்டு, உருளைக்கிழங்குப் பாத்திகளின் ஓரமாக இறங்கி, ரந்தம்பேயில் மகாவலியோடு கலந்து, திருகோணமலைக் கடலைச் சேருவதுதான் அதன் வழி. இன்று அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு வெலிமடைக்கு அருகிலேயே திரும்பிவிடுகிறது. பண்டாரவளை மலைக்கு அடியால் நுழைந்து, வெல்லவாயப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்து, மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் காய்ந்த வயல்களை நோக்கிப் போகிறது. போகும் வழியில் 120 மெகாவாட் மின்சாரத்தையும் தருகிறது. ஊவா மலைகளில் நடந்த பொறியியல் வேலைகளில் இவ்வளவு துணிச்சலானது வேறில்லை என்றே சொல்வேன். இவ்வளவு விலை கொடுக்க வைத்ததும் வேறில்லை.

இந்தத் திட்டத்தின் அணைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உமா ஓயாவின் குறுக்கே புகுல்பொலவில் உள்ள அணை 35 மீட்டர் உயரம். மகாதொட்டில ஓயாவின் குறுக்கே டயரபாவில் உள்ளது 50 மீட்டர். இரண்டையும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று இணைக்கிறது. மின்நிலையம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு தேக்கங்களின் தண்ணீரும் இரண்டு நாளுக்குக்கூடத் தாங்காது. இதே ஊவாவின் எல்லையில், மகாவலியில், 1986இல் முடிந்த ரந்தெனிகல அணையின் உயரம் 94 மீட்டர். அதன் நீர்த்தேக்கம் 86 கோடி கன மீட்டர் கொள்ளும். அங்கும் கிடைப்பது கிட்டத்தட்ட இதே 120 மெகாவாட்தான். இத்தனை சிறிய தேக்கம் அத்தனை பெரிய தேக்கத்துக்கு ஈடுகொடுப்பது எப்படி?

பதில் உயரத்தில் இருக்கிறது. நீர்மின்சாரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. ரந்தெனிகலவில் தண்ணீர் விழும் உயரம் ஏறத்தாழ 80 மீட்டர். உமா ஓயாத் திட்டத்தில் அது ஏறத்தாழ 720 மீட்டர். ஆயிரம் லீட்டர் தண்ணீர் அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால், விரயம் போக ஒன்றே முக்கால் யூனிட் மின்சாரம் கிடைக்கும். ரந்தெனிகலவில் அதே மின்சாரத்துக்கு ஒன்பது மடங்கு தண்ணீர் வேண்டும். ஆக இங்கே நொடிக்கு 19 கன மீட்டர் போதும். இந்தத் திட்டத்தின் உண்மையான முதல், பண்டாரவளைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் மலை சட்டென்று சரியும் அந்தச் சரிவு. எல்ல வழியாகப் பேருந்தில் இறங்கியவர்கள் காது அடைத்துக்கொள்வதை வைத்தே அதை அறிந்திருப்பார்கள்.

டயரபாவிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கத்தில் வரும் தண்ணீர், கரந்தகொல்லப் பக்கத்தில் 600 மீட்டருக்கும் அதிகமான ஆழமுள்ள செங்குத்துக் குழியில் இறங்குகிறது. அடியில், பாறையைக் குடைந்த மண்டபத்தில், இரண்டு பெல்டன் சக்கரங்கள் சுழல்கின்றன. கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் தச்சராகவும் ஆலைப் பணியாளராகவும் இருந்த லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற சக்கரம் அது. அதன் விளிம்பைச் சுற்றி வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் இரட்டைக் கிண்ணம். நடுவில் கூரான ஒரு வரப்பு. குழாயின் வாயிலிருந்து மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாயும் நீர்த்தாரை அந்த வரப்பில் மோதி இரண்டாகப் பிளந்து, இரு கிண்ணங்களின் வளைவிலும் சுழன்று, கிண்ணத்தைப் பொறுத்தவரை வந்த திசைக்கே திரும்புகிறது. கிண்ணம் தாரையின் பாதி வேகத்தில் ஓடும்படி அமைத்தால், வெளியேறும் தண்ணீரிடம் வேகம் ஏறக்குறைய மிஞ்சாது. அத்தனை மூர்க்கமாக வந்தது, கைவிட்டதுபோல அப்படியே கீழே விழும். அதன் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் சக்கரத்துக்குப் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரானின் பராப் நிறுவனம் கட்டியது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி அப்போதைய ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்துவைத்தார். இடையில் உள்ள பதினாறு ஆண்டுகளின் கதை அந்தச் சுரங்கத்தின் கதை.

நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம் கொண்ட இயந்திரம் பாறையை அரைத்துக்கொண்டே முன்னேறியது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. 2017இல் மறுபடியும் பெரிய பெருக்கு. நொடிக்கு நூற்றுக்கணக்கான லீட்டர் என்ற கணக்கில் மலை தன் தண்ணீரைச் சுரங்கத்தில் கொட்டியது. மேலே ஹீல் ஓயா, மகுல் எல்ல போன்ற ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. 2017 ஜூனில் பண்டாரவளையில் கடைகளை அடைத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

பாறைக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி இருந்தது? மலையகத்தின் பாறை மிகப் பழையது. பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, மடிந்து உருவானது. அதன் உடலில் தண்ணீர் ஊறாது. ஆனால் பித்தவெடிப்பு விழுந்த குதிகால்போல அது எங்கும் வெடித்துக் கிடக்கிறது. மாரி மழை மண்ணில் இறங்கி அந்த வெடிப்புகளில் தங்குகிறது. ஆடி, ஆவணியில் கச்சான் வீசி ஊவாவே காயும். தேயிலைக் கொழுந்துக்கு அந்தப் பேர்போன வாசம் ஏறுவதும் அப்போதுதான். அந்த வறண்ட நாட்களிலும் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குப் பின்னால் பீலியில் ஊற்றுத் தண்ணீர் விழுவது வெடிப்புகளில் இருக்கும் சேமிப்பினால். டயரபா தேக்கத்தைவிடப் பழைய தேக்கம் இது. அணையும் இல்லை, மதகும் இல்லை, வரைபடத்தில் நீல நிறமும் இல்லை. பீலியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மட்டும் அது இருப்பது தெரியும்.

சுரங்கம் அதற்கு ஒரு மதகைத் திறந்துவிட்டது. சுற்றியுள்ள வெடிப்புகளில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்க, தோண்டிய சுரங்கத்துக்குள் இருப்பதோ வெறும் காற்றழுத்தம். தண்ணீர் அதை நோக்கி ஓடாமல் என்ன செய்யும்? மேலே நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது, கிணறு வற்றுகிறது. சுவர் வெடிப்பதற்குக் காரணம் இன்னும் நுட்பமானது. மண்ணின் துளைகளில் உள்ள தண்ணீரும் மேலே இருக்கும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அது விலகினால் முழுப் பாரமும் மண்துகள்கள் மேல் விழுகிறது; அவை நெருங்குகின்றன; நிலம் அமர்கிறது. ஒரே அளவாக அமர்ந்தால் வீடு தாங்கும். ஒரு மூலை அதிகமாக அமர்ந்தால் சுவர் கிழியும். கார்ல் டெர்ஸாகி என்ற பொறியியலாளர் 1920களிலேயே இதை விளக்கிவிட்டார். 1990களில் நோர்வேயில், ஒஸ்லோவுக்கு அருகே ரோமெரிக்ஸ்போர்ட்டன் ரயில் சுரங்கத்தைத் தோண்டியபோது மேலே காட்டுக்குள் இருந்த குளமே இறங்கிப்போனது. ஆக, இது யாரும் அறியாத ஆபத்து அல்ல. முன்னால் துளையிட்டுப் பார்ப்பது, வெடிப்புகளில் சிமெந்துக் கலவையை அழுத்தி அடைத்துவிட்டு முன்னேறுவது எல்லாம் தெரிந்த வித்தைகள்தாம். ஒரு நகரத்துக்கு அடியால் போகும் சுரங்கத்துக்கு அவை முதல் நாளிலிருந்தே முழுமையாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

கிணறு இழந்தவர் காட்ட ஒரு கிணறாவது இருக்கிறது. பீலியை இழந்த லயத்து மக்களுக்கு என்ன சான்று? வீடும் நிலமும் பெரும்பாலும் அவர்கள் பெயரில் இல்லை. பீலியில் முன்பு எவ்வளவு விழுந்தது என்று எழுதிவைத்தவரும் இல்லை. இத்தனைக்கும் தேயிலைத் தோட்டங்கள் அளப்பதில் பேர்போனவை. தோட்டத்து மழைமானியைத் தினமும் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வருகிறது. வானத்திலிருந்து விழுந்ததை அங்குலக் கணக்கில் எழுதியவர்கள், மலைக்குள்ளிருந்து வந்ததை எழுதவில்லை.

அதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. பத்து லீட்டர் வாளி ஒன்றைப் பீலிக்கு அடியில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்தால் போதும். நீரியலாளர்களும் சிறு ஊற்றுகளை அப்படித்தான் அளக்கிறார்கள். இருபது நொடி என்றால் நிமிடத்துக்கு முப்பது லீட்டர். மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், மழை விட்ட சில நாள் கழித்து அளந்து, திகதியோடு எழுத வேண்டும். பண்டாரவளையிலிருந்து எல்ல வரை உள்ள தோட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான வகுப்புகள் இதைச் செய்யலாம். அந்தக் கொப்பியின் பக்கத்தில் தோட்டத்து மழைக்கணக்கை வைத்துப் பார்த்தால், மலைக்குள் இருக்கும் தேக்கம் மீண்டும் நிரம்புகிறதா, இன்னும் கசிந்துகொண்டிருக்கிறதா என்பது ஐந்தாறு கச்சான் காலத்துக்குள் தெரிந்துவிடும். வரும் ஆடியிலேயே தொடங்கலாம்.